வீட்டில் சொல்லாத பெயர்

“அங்க யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்லு. பெரியவர் பேரு மட்டும் உன் வாயில வந்துச்சு, அப்புறம் இந்த வாசல்ல கால் வைக்காத.”

மாமியார் உரும்கான் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள். சாய்கலுக்குக் கோபம் வரவில்லை. அதெல்லாம் எந்த வருஷமோ மரத்துப்போயிற்று. மகனுக்குக் குல்லாயை மாட்டிவிட்டு, “சரி அபா” என்றாள். அபா என்றால் அம்மா.

புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை நாரின் என்ற அந்த மலையூரில் எந்த மருமகளும் உச்சரிப்பதில்லை. மாமனார் இறந்த வருஷமே பேரன் பிறந்ததால் அவர் பெயரையே வைத்தார்கள், சபார் என்று. பெற்றவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூப்பிட முடியாத பெயரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ‘குலுன்’ என்றாள். குதிரைக்குட்டி என்று அர்த்தம். குட்டி நடந்தது, ஓடியது, பேசவில்லை. ஆட்டிசம் என்றார் டாக்டர். மருமகள் மனசுக்குள் பெரியவர் பெயரைச் சொல்லியிருப்பாள் என்றது தெரு. மாஸ்கோவில் கட்டட வேலையிலிருந்த கணவன் போனில் அம்மாவுக்கும் சரி சொன்னான், மனைவிக்கும் சரி சொன்னான்.

இன்றைக்குச் சோதனை. தேறினால் பையனுக்குப் பள்ளியில் ஆயத்த வகுப்பு. தேறாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருக்கும் விடுதியில் விட்டுவிடுவதென்று உரும்கான் முடிவே செய்திருந்தாள். அங்கே விட்ட பிள்ளையைப் பார்க்க யாரும் பஸ் ஏறியதாகச் சாய்கல் கேள்விப்பட்டதில்லை.

பள்ளியில், மாமியாரும் மருமகளும் பார்த்திருக்க, ஆசிரியை குல்பாரா பையனைச் சின்ன மேஜைக்கு முன் உட்காரவைத்தாள். உட்கார்ந்தான். அவள் கை தட்டியதும், கொஞ்சம் யோசித்துத் தானும் தட்டினான். சிவப்புக் கோப்பையைச் சிவப்புத் தட்டில் வைத்தான். உலர்ந்த திராட்சைக்கு நீட்டிய கையை, “பொறு” என்றதும் இழுத்துக்கொண்டான். எல்லாம் மாவு பிசையும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் சாய்கல் பழக்கியது.

குல்பாரா அவன் முதுகுப் பக்கம் போய் நின்றாள். “சபார்.”

பையன் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தான்.

“சபார்.”

அசையவில்லை.

“பேரு சொன்னா திரும்பணும். அது இல்லாம வகுப்புல எப்பிடிச் சேர்க்கிறது? எங்க, நீங்க கூப்பிடுங்க.”

சாய்கல் மாமியார் பக்கம் பார்க்கவில்லை. “குலுன்” என்றாள். பையன் உடனே திரும்பினான்.

“செல்லப் பேரு வேண்டாம். அவன் பேரு.”

“சொல்ல முடியாது எஜே” என்றாள், அக்கா என்று கூப்பிடும் முறையில். “மாமனார் பேரு.”

குல்பாராவும் ஒரு வீட்டு மருமகள்தான். உரும்கான் பக்கம் திரும்பினாள்.

“நீங்க எப்பிடிக் கூப்பிடுவீங்க அபா?”

“என் புருசன் பேரை நான் சொல்லுவனா? நல்லா கேட்டே போ. ‘டேய்’ம்பேன்.”

“அப்ப இவன் பேரு இதுன்னு வீட்டுல யாருதான் இவன்கிட்ட சொன்னது?”

பையன் மறுபடி கோப்பையை உருட்டினான்.

“புள்ளை மேல குத்தமில்ல. ஒரு மாசம் டைம் தர்றேன்” என்றாள் குல்பாரா. “முதல்ல அந்தப் பேரு, ஒட்டினாப்புல குலுன். திரும்பினா ஒரு திராட்சை. போகப் போகக் குலுனை விட்டுடுங்க. நாள் முழுக்கச் சொல்லணும். வீட்டுலயே சொல்லணும்.”

திரும்பி வரும் வழியில் உரும்கான் நடு ரோட்டிலேயே நின்றாள். “செத்தவரை என் காதுபட ஏலம் விடப் போறியா? விடுதியில அவங்களே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப்பாங்க.”

சாய்கல் பையனின் கையை விடாமல் நடந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயமும் வேறு யாருக்கோ வந்ததுபோலத் தள்ளி இருந்தது.

சாயங்காலம் மருமகள் ஊற்ற வேண்டிய முறைப்படி அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றி, இரண்டு கையாலும் மாமியாரிடம் நீட்டினாள். பிறகு போய் மகனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

“சபார்” என்றாள்.

பையன் திரும்பவில்லை. உரும்கான்தான் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள், யாரோ வந்துவிட்டதுபோல. தேநீர் மடியில் கொட்டியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. வாசலில் ஒருவரும் இல்லை.

துடைக்கத் துணி எடுத்துக்கொடுப்பது மருமகள் வேலை. சாய்கல் எழுந்திருக்கவில்லை.

“சபார்” என்றாள் மறுபடியும். “குலுன்.”