பக்கத்துக் கட்டில்

1976ஆம் வருஷம் ஆனி மாதம், மதுரை காஜிமார் தெருவில், டாக்டர் முஜிபுர் ரஹ்மான் அன்னக்கொடியின் கையில் குத்திய ஊசிக்கு, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த லாரி டிரைவரின் முதுகுவலி போய்விட்டது. அன்னக்கொடியின் தலைவலி அப்படியே இருந்தது. டிரைவருக்கு அதுவரை ஊசியே போட்டிருக்கவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, குனிந்து செருப்பை எடுத்தார். குனிய முடிந்ததே என்று திகைத்து, செருப்பைத் திரும்பக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை குனிந்து எடுத்தார். அந்த வாரம் மழை பெய்யவில்லை, வெங்காய விலை கொஞ்சம் ஏறியிருந்தது, தெற்குமாசி வீதியில் சாக்கடை வேலை நடந்துகொண்டிருந்தது. வேறு விசேஷம் எதுவும் இல்லை.

டாக்டர் இளவயதில் ராமேசுவரத்தில் கப்பல் ஏறி இலங்கைக்குப் போய்ச் சீன ஊசி வைத்தியம் படித்துவிட்டு வந்தவர். தலைமுடி கனத்தில் ஊசி வைத்திருப்பார். பல்வலிக்குக் கையில் குத்துவார், இடுப்பு வலிக்கு முழங்காலின் பின்பக்கம் குத்துவார், காய்ந்த மாசிப்பச்சை இலையைச் சுருட்டிப் பற்றவைத்து அதன் கனலைத் தோலுக்கு அருகே காட்டிச் சூடு கொடுப்பார். குத்திய இடம் சுள்ளென்று ஏறி, பிறகு மரத்து, கால்மணி நேரத்தில் வலி தணியும். வலிக்கிற இடம் ஒன்று, குத்துகிற இடம் வேறொன்று என்பதற்கு அந்தத் தெரு ஏற்கெனவே பழகியிருந்தது. அதனால் ஒருத்தி கையில் குத்தினால் இன்னொருவருக்கு வலி போகிறது என்ற செய்தி வந்தபோது, அதிலிருந்து ஓர் எட்டு தள்ளி இருக்கிறது, அவ்வளவுதானே என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அன்னக்கொடி அலங்காநல்லூர்க்காரி. கல்யாணமான மறுவருஷம் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் அவளுடைய வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த வலி, அதன்பிறகு எழுந்து போகவே இல்லை. சுக்குப் பற்றுப் போட்டாள். ஈரத்துணி கட்டினாள். குறி சொல்லும் கோடாங்கியிடம் போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை வயிற்றைத்தான் புண்ணாக்கியது. வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது, யாராவது பித்தளைப் பாத்திரத்தைக் கீழே வைத்தால் அவளுக்கு உயிர் போய் வரும். கணவன் நல்லகாமன் ஒரு காலத்தில் வாடிவாசலில் பேர் எடுத்த மாடுபிடிக்காரன். ஒரு மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கொம்பு இடுப்பில் ஏறி இறங்கியதிலிருந்து இடதுகாலை இழுத்து இழுத்து நடந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் இறங்கி வருவதைப் பார்த்த டாக்டர், முதல் நாளே இரண்டு பேருக்கும் சேர்த்து டீ வாங்கிவரச் சொன்னார்.

டிரைவருக்குப் பிறகு டாக்டர் பலரைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார். கீழமாசி வீதி மூட்டைக்காரரின் தோள்பட்டை, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்களின் விரல் மூட்டு, மாதாமாதம் சுருண்டு படுத்துவிடும் டீச்சர் ஒருத்தியின் அடிவயிறு, எல்லாம் அன்னக்கொடியின் கையிலும் காலிலும் குத்திய ஊசிக்குக் கேட்டன. முறிந்த எலும்பு ஒட்டவில்லை, சர்க்கரை குறையவில்லை, ஆனால் வலி போனது. தூக்கம் வந்தது, பசி எடுத்தது, மாமியாரோடு சண்டை குறைந்தது என்று சிலர் வந்து சொன்னார்கள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பேராசிரியர் இதைப் பரிசோதிக்க வந்தார். அவருக்கே கழுத்துப் பிடிப்பு இருந்தது. அது போய்விடவே, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

“உங்க தலைவலிக்கும் ஒரு புள்ளி இருக்கும்மா. தேடிட்டுத்தான் இருக்கேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அன்னக்கொடி தலையை ஆட்டமாட்டாள், ஆட்டினால் வலிக்கும். கண்ணை மூடித் திறப்பாள். அதுதான் சரி என்பதற்கு அடையாளம்.

இப்படியே வருஷங்கள் போயின. வைகையில் இரண்டு தடவை வெள்ளம் வந்து வடிந்தது. அலங்காநல்லூர் பஸ்ஸில் அன்னக்கொடிக்கு எப்போதும் ஜன்னலோரம் இடம் விட்டார்கள். கிளினிக்கில் கடைசி முறை நல்லகாமனுடையது. எல்லாரும் போனபிறகு அவன் வந்து பக்கத்துக் கட்டிலில் படுப்பான். சாயங்காலம் அவன் நிமிர்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க, அவள் கடைச் சுவர்களைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வருவாள். 1979 தை மாதம் நல்லகாமன் மறுபடியும் வாடிவாசலுக்குப் போனான். ஒரு மயிலைக் காளையின் திமிலைத் தழுவி, எல்லைக் கோடு வரை தொங்கிக்கொண்டே போய்ப் பரிசாகப் பித்தளை அண்டா வாங்கினான். ஊரே கொட்டோடு அவனைக் கூட்டிவந்தது. அன்னக்கொடி உள்வீட்டில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் உடம்பால் இத்தனை பேர் எழுந்து நடக்கிறார்கள், அதில் தன் புருஷனும் ஒருத்தன் என்ற பெருமை அவளுக்கு இருந்தது. தன் முறையும் ஒருநாள் வரும் என்று நம்பினாள்.

1982 கார்த்திகையில், நல்லகாமனுக்குத் தோட்டத்தில் வேலியடைப்பு இருந்தது. கொட்டாம்பட்டியிலிருந்து வந்திருந்த அன்னக்கொடியின் அண்ணன் பேயாண்டிதான் அன்றைக்கு அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். அவள் கட்டிலில் படுத்த கொஞ்ச நேரத்தில் தலைவலி நின்றது. பகல் முழுக்க ஓடிக்கொண்டிருந்த ரைஸ் மில் சட்டென்று நின்றால் தெருவில் ஒரு அமைதி விழுமே, அப்படி. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் பச்சை நிறம் இருப்பதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். எங்கோ யாரோ அப்பளம் பொரித்தார்கள். அந்த வாசனை அவளுக்குப் பிடித்திருந்தது. அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டர் வழக்கம்போல ஊசி குத்தினார். பக்கத்துக் கட்டிலில் செங்கல் சூளையிலிருந்து வந்த முத்துத்தாய் என்ற பெண் முழங்கால் வீங்கிப் படுத்திருந்தாள். வலி போகவில்லை. ஊசியை இடம் மாற்றிப் போட்டார். அப்போதும் போகவில்லை. அவர் அன்னக்கொடியிடம் எதுவும் விசாரிக்கவில்லை. பேயாண்டியிடம் திரும்பி, “நல்லகாமன் எங்க? அவர் கையில ஏதும் குத்திருச்சா?” என்று கேட்டார்.

“அவரு கையில குத்துனா எனக்கென்ன டாக்டரய்யா?” என்றாள் அன்னக்கொடி. அவர் ஊசிகளை எடுத்துப் பஞ்சில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது நல்லகாமன் வாசலில் உட்கார்ந்து வலது கையைக் கடித்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே கருவேல முள் ஆழமாக இறங்கி முறிந்திருந்தது. அவள் தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அவன் கையை மடியில் வைத்து, முள்ளை மெல்ல நெம்பினாள். முள் வெளியே வந்தது. வந்த அந்தக் கணமே, வெளியூர் போய்த் திரும்பிய வீட்டுக்காரனைப் போலத் தலைவலி உள்ளே வந்து உட்கார்ந்தது. அவள் முள்ளைக் கீழே போடாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“எப்ப இருந்து தெரியும்?”

“எது?”

“எந் தலவலிக்கு உங்க கையில குத்தணும்னு.”

அவன் தெருவைப் பார்த்தபடி, “மொத வருசமே” என்றான்.

முதல் வருஷம் ஆடியில் ஒருநாள் டாக்டர் அவன் இடுப்புக்காக அவன் கையிலேயே ஊசி குத்திப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு முழுவதும் அவளுக்குத் தலை தெளிந்திருந்தது. அன்றைக்கு வந்த வேறு யாருக்கும் வலி போகவில்லை, அவன் இடுப்பு வலியும் போகவில்லை. அன்னக்கொடிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அழகர்தான் கண் திறந்தார் என்று நம்பி, மறுவாரம் வெயிலில் அழகர்கோயிலுக்கு நடந்தே போய், இடுப்பு வரை கிடந்த முடியை இறக்கிவிட்டு வந்தாள்.

“நீங்களும் கூடத்தான நடந்து வந்தீங்க” என்றாள்.

“வந்தேன்.”

“மொட்டத் தலையில சந்தனம் தடவிவிட்டீங்க.”

“ஒனக்குத் தெளிஞ்சா யாருக்கும் வேல செய்யாதுன்னு டாக்டரு சொன்னாரு. அம்புட்டுப் பேரு வாராக. எந்திரிக்க மாட்டாதவன் எந்திரிச்சுப் போறான். யோசிச்சுப் பாரு” என்றான்.

“அந்த அம்புட்டுப் பேருல நான் ஒருத்தி இல்லையா?” என்று கேட்டாள் அன்னக்கொடி. குரல் உயரவில்லை, உயர்த்தினால் வலிக்கும். “எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சரின்னுதான் சொல்லிருப்பேன். நீங்க ரெண்டு பேரும் கேக்கலையே.”

மறுநாள் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. சொன்னால் வரமாட்டீர்களோ என்று பயந்தேன் என்றார். அன்னக்கொடி ஒரு ஏற்பாடு சொன்னாள். வாரத்தில் பாதி நாள் அவள் படுப்பாள், ஊருக்கு வலி போகட்டும். மீதி நாள் நல்லகாமன் கையில் ஊசியோடு உட்காரட்டும், அவளுக்குத் தலை தெளியட்டும். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு மாதம் போல அது நடந்தது. தெளிந்த நாட்களில் அவள் புதுமண்டபத்துக்குப் போய் வளையல் வாங்கினாள், மீன் குழம்பு வைத்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடுவதை நின்று பார்த்தாள். அந்த நாட்களில் நல்லகாமன் காலை இழுத்து நடந்தான், ராத்திரி புரண்டு புரண்டு படுத்தான்.

தை பிறந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் அவள் படுக்கும் நாட்களில் ஒன்று தவறாமல் அவன் வந்து பக்கத்துக் கட்டிலில் படுத்துத் தன் முறையை வாங்கிக்கொண்டான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், அவன் கையில் ஊசியோடு உட்கார வேண்டிய அவள் முறை. அவள் பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஊசியை வெந்நீரில் போட்டு எடுத்து வைத்திருந்தார். தண்ணீர் ஆறியது. மத்தியானம் ஆனது. அலங்காநல்லூரிலிருந்து வந்த ஒரு ஆள், “உம் மாப்ள வாடிவாசல்ல நிக்கிறாருத்தா, பிடி விடாம நிக்கிறாரு” என்று சந்தோஷமாகச் சொன்னார். முதல் தடவை அவளுக்குத் தெரியாமல் செய்தான். இந்தத் தடவை அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தே செய்தான். அன்னக்கொடி எழுந்து, மேஜையில் இருந்த ஊசி டப்பாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. அவள் அலங்காநல்லூர் பஸ்ஸில் ஏறவில்லை. கட்டிய சேலையோடு கொட்டாம்பட்டி பஸ்ஸில் ஏறிப் பேயாண்டி வீட்டில் போய் இறங்கினாள்.

அங்கே மாட்டுக் கொட்டகையை ஒட்டி இரண்டு கயிற்றுக் கட்டில் போட்டார்கள். இத்தனை வருஷம் தன் உடம்பில் எங்கெங்கே குத்தினார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தானே குத்திக்கொண்டாள். கடலை பிடுங்குகிற பெண்கள், கல் உடைக்கிறவர்கள், திருச்சி ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் என்று ஆட்கள் வந்தார்கள். படுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் அவள் ஒன்று சொல்வாள்: “எனக்குத் தலவலி இருக்கங்காட்டித்தான் ஒங்களுக்கு வலி போகுது. தெரிஞ்சுக்கிட்டுப் படுங்க.” சிலர் அதைக் கேட்டதும் படுக்கமாட்டாமல் திரும்பிப் போனார்கள். பெரும்பாலானவர்கள் படுத்தார்கள். எழுந்தபிறகு அவள் காலைப் பிடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. காஜிமார் தெருவில் டாக்டர் அவரவர் உடம்பிலேயே குத்தி, நாலைந்து தடவை வரச்சொல்லி, மெதுவாகக் குணப்படுத்திக்கொண்டிருந்தார். அதுவும் நன்றாகவே நடந்தது.

1986 பங்குனியில் நல்லகாமன் வந்தான். இடுப்பு ஒடிந்ததுபோல் வளைந்து, கம்பு ஊன்றி, வரிசையில் போய் நின்றான். பேயாண்டி அவனை விரட்டப் போனான். “இருக்கட்டும்ணே, வரிசையில வரட்டும்” என்றாள் அன்னக்கொடி. அவன் முறை வந்ததும் கட்டிலருகே நின்று வலது கையை நீட்டினான்.

“இதுல குத்திக்க. எம்புட்டு நேரம்னாலும் உக்காந்திருக்கேன்.”

“கை குடுக்க வந்தீங்களா, கட்டில்ல படுக்க வந்தீங்களா?”

அவன் கட்டிலைப் பார்த்தான். பொய் சொல்லத்தான் நினைத்தான், வரவில்லை. “ரெண்டுக்கும்தான்” என்றான்.

அன்னக்கொடி அவன் நீட்டிய கையை ஒருமுறை பார்த்தாள். நரைத்த முடியும் மண் படிந்த நகமுமாக அது நீட்டியபடியே இருந்தது. “நாளைக்கு வாரவுக வெள்ளனமே வந்துருங்க” என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திச் சாத்தினாள். அவன் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனான்.

அதற்குப் பிறகுதான் சில நாட்களில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், அவளுக்குத் தலை தெளிய ஆரம்பித்தது. அலங்காநல்லூரில் நல்லகாமன் தன் கையில் ஊசியைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அவளுக்காகச் செய்கிறானா, தன் மனசு ஆறுவதற்காகச் செய்கிறானா என்று அவள் யாரையும் விட்டுக் கேட்கவில்லை. இதையும் அவன் அவளைக் கேட்காமல்தான் செய்தான். அந்த நாட்களில் அவளால் யாருக்கும் வலி போகாது. பஸ் கண்டக்டர் படியில் நின்றே, “இன்னைக்கு வைத்தியம் கிடையாது, அம்மாவுக்குத் தலை நல்லாருக்கு” என்று குரல் கொடுப்பார். வந்தவர்கள் டீ குடித்துவிட்டு, மறுநாள் வரலாம் என்று திரும்புவார்கள். உள்ளே அன்னக்கொடி கதவைத் திறந்துபோட்டு, முகத்தில் வெயில் படப் படுத்துத் தூங்குவாள்.