சானலை மாற்றியவள்

இரும்புத் தகடு வெட்டும் அந்தத் தொழிற்சாலையில் எல்லாரும் அவளை ‘சிக்னலக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வைஃபை, வாக்கி டாக்கி, கிரேன் ரிமோட் என்று கம்பியில்லாமல் ஓடுவதெல்லாம் அவள் பொறுப்பு. அங்கிருந்த இரண்டு கிரேன்களில் ஒன்றை ஓட்டியவர் அவளுடைய அக்கா கணவர்.

யார் எத்தனை தடவை டீ குடிக்கப் போகிறார்கள் என்று பார்க்க, மேனேஜர் இருபது வைஃபை கேமராக்களை வாங்கி மாட்டினார்.

“சார், கேமராவும் கிரேன் ரிமோட்டும் ஒரே சானல்ல கத்துது. ரிமோட் சொல்றது கிரேனுக்குக் கேக்காமப் போயிடும். அரை நாள் வேலைய நிறுத்துங்க, கேமராவ வேற சானலுக்கு மாத்திடறேன்.”

“அரை நாளா? வெளையாடுறியாம்மா?”

“அப்ப எழுதியாவது குடுத்துடறேன் சார்.”

“எழுத்தெல்லாம் எதுக்கு? பேசிக்கலாம்.”

மூன்றாம் நாள் காலை, தகடு அந்தரத்தில் தொங்கும்போது ரிமோட்டின் சிக்னல் அறுந்தது. சிக்னல் போனால் கிரேன் சட்டென்று நின்றுவிடும், தகடு நிற்காது. அது ஊசலாடி வந்து அத்தானின் வலது கையைத் தூணோடு நசுக்கியது.

அவரை ஆம்புலன்சில் ஏற்றிய பிறகும் இன்னொரு கிரேன் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவள் அழக்கூட நிற்காமல் ஏணியில் ஏறி, கேமரா கேமராவாகச் சானலை மாற்றினாள். அரை நாளைப் பற்றி மேனேஜர் வாயே திறக்கவில்லை. ஏணியைக்கூட அவரே பிடித்துக்கொண்டார்.

மறுவாரம் தொழிற்சாலை ஆய்வாளர் சிக்னல் அளக்கும் மீட்டரோடு வந்து மூலைமுடுக்கெல்லாம் நடந்தார்.

“குறுக்கீடு எதுவுமே இல்லையே?”

“அன்னிக்கு இருந்துச்சு சார். நான்தான் மாத்தினேன்.”

“மாத்துறதுக்கு முன்னாடி அளந்து வெச்சீங்களாம்மா?”

“இல்ல சார்,” என்று மேனேஜரைப் பார்த்தாள்.

“அக்கா புருஷன் சார், பாசம்,” என்றார் மேனேஜர், தாழ்ந்த குரலில்.

‘ஓட்டியவரின் கவனக்குறைவு’ என்று அறிக்கை வந்தது. அத்தானுக்கு வேலை போயிற்று. நஷ்டஈடு என்ற பேச்சே எழவில்லை.

செய்தியைச் சொல்ல அவளே அக்கா வீட்டுக்குப் போனாள்.

“அளந்து வெச்சிட்டு மாத்தியிருக்கலாம்ல?” அக்கா கேட்டாள்.

“அதுக்குள்ள அந்த இன்னொரு கிரேன்...”

“அத ஓட்டுறவன் உனக்கு யாருடி?”

“அவருக்கும் ரெண்டு கைதானேக்கா.”

“உங்கத்தானுக்கும் ரெண்டு இருந்துச்சு.”

உள்ளே அத்தான் இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளைப் பட்டினியாக அனுப்பியே பழக்கமில்லாத அக்கா, அவள் செருப்பை மாட்டுவதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.