மதிலில் முட்டிய கால்வாய்

பிள்ளைப்பாக்கத்தில் ஒவ்வொரு மழைக்கும் பிறகு மஞ்சள்காமாலை வந்தது. அது ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் நகரத் திட்டமிடல் மாணவர்களுக்குப் பேராசிரியை பிரவீனா கொடுத்த வேலை. ஆஸ்பத்திரியில் விசாரிப்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் கால்வாயோடு நடங்கள் என்றார்.

மழை விட்ட ஒரு காலையில் நடந்தார்கள். வயல்களைத் தாண்டி வந்த கால்வாய், கம்பெனிப் பெண்கள் தங்கும் வாடகை அறைகளுக்குப் பின்னால் ஒரு மதிலில் முட்டி நின்றது. அங்கே தேங்கிய தண்ணீர் மதிலுக்கு அடியில் ஊறி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அங்கே குடியிருந்த முத்துச்செல்வி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். காமாலை வந்து ஊருக்குப் போய், முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள்.

"மழை பெஞ்சா கக்கூஸ் தொட்டி நிறைஞ்சு வழியும். குடிதண்ணி சம்ப் பக்கத்துலதான இருக்கு. அந்தத் தண்ணியத்தான் குடிக்கோம்" என்றாள்.

மதில் யாருடையது என்று பிரவீனா கேட்டார். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க அப்பா கட்டினது மேடம்" என்றாள் மாணவிகளில் ஒருத்தியான தென்றல்.

பிரவீனா மதிலை அளக்கச் சொன்னார். டேப்பின் ஒரு முனையைத் தென்றல்தான் பிடித்தாள்.

அன்று மாலை வீட்டில் சொன்னாள். நெல் விளைந்த நிலத்தில் அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்த அப்பா நடேசனுக்குக் கோபம் வந்தது. கால்வாய் தூர்ந்துபோய் வருஷக்கணக்காகிறது, எல்லாரும்தான் கட்டினார்கள் என்றார்.

"நான் மட்டும் இன்னா பண்ண முடியும்?"

"முத்துச்செல்விக்குக் காமாலை வந்தது நம்ம சம்ப் தண்ணியாலப்பா."

மறுநாள் நடேசன் சம்ப் மூடியைத் திறந்து பார்த்தார். மூடியைத் திரும்பப் போடாமல் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அந்த மாதமே மதிலை இடித்து, அறைகளுக்கு நடுவே கால்வாய்க்கு வழிவிட்டார். சம்ப்பைத் தெருப்பக்கம் மாற்றினார். இதெல்லாம் முடிவதற்குள் முத்துச்செல்வி அறையைக் காலி செய்து சுங்குவார்சத்திரத்துக்குப் போய்விட்டிருந்தாள். வகுப்பில் வரைபடம் போட்டபோது மதில் கட்டிய வீட்டுக்காரர் பெயரை எழுதலாமா என்று ஒருவன் தயங்கினான். எழுது என்றாள் தென்றல்.

அடுத்த மழைக்கு அந்த அறைகளில் யாருக்கும் காமாலை வரவில்லை. தண்ணீர் ஓடிப்போய், நடேசனின் தம்பி விற்பதற்காகக் கல் நட்டிருந்த மனைகளில் நின்றது. தம்பி அண்ணனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். மகளிடம் நடேசன் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.