சைலன்சர் தகராறு

என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம். காரணம் ஒரு சைலன்சர். மாமனார் விட்டுப்போன மோட்டார் சைக்கிளில் இருந்த பழைய சைலன்சரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, தெருவே அலறும்படி ஒரு திறந்த குழாயை மாட்டினார் கொழுந்தன். “கழுதை கத்துற மாதிரி இருக்கு” என்றார் இவர். வார்த்தை தடித்தது. வண்டி கீழே எங்களோடு நின்றுவிட்டது, கொழுந்தன் மாடிக்குப் போய்விட்டார்.

அன்று முதல் நான்தான் தபால்காரி. தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்லு, நிறுத்தச் சொல்லு என்று படி ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். இந்த இரண்டு பேரும் பேசாதவரை எனக்கு விடிவு கிடையாது.

போன மாதம் இவருக்கு ஞானோதயம் வந்தது. பரணிலிருந்து பழைய சைலன்சர் இறங்கியது. நான் துணி ஊறவைக்கும் தொட்டியில் காஸ்டிக் சோடாவில் அது குளித்தது. உள்ளிருந்து கரியாகக் கொட்டியது. துரு தின்ற ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்து, அதோடு சேர்ந்த வளைகுழாய்க்கும் குரோம் பூசி வாங்கி வந்தார். கல்யாணம் முடிந்து என்னைக்கூட அவ்வளவு பத்திரமாகக் கூட்டிவரவில்லை. கையில் பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டுதான் தொட்டார்.

“வெறுங்கையால தொட்டுடாதே. கைப்பிசுக்கோட சூடாச்சுன்னா தடம் அப்படியே பதிஞ்சிடும். துடைச்சாலும் போகாது” என்று எனக்கும் எச்சரிக்கை.

ஞாயிற்றுக்கிழமை திறந்த குழாயைக் கழற்றிவிட்டு இதை மாட்ட உட்கார்ந்தார். எஞ்சினிலிருந்து வளைந்து வரும் குழாயை முன்னால் இறுக்கினார். பின்னால் போல்ட் ஓட்டை ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. பின்னால் இறுக்கினார், முன்னால் விலகியது. சாயங்காலம் வரை மல்லுக்கட்டிவிட்டு, “குரோம்காரன் வளைச்சுட்டான்” என்று எவன் தலையிலோ பழியைப் போட்டு, நீளமான போல்ட் வாங்கக் கடைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மாடிக்குக் குரல் கொடுத்தேன். கொழுந்தன் இறங்கி வந்து ஒரு பார்வை பார்த்தார்.

“ஒரு பக்கத்தை இறுக்கிட்டு மறுபக்கம் மாட்டினா எப்படி அண்ணி வரும்? எல்லா போல்ட்டையும் லூசா மாட்டணும். அதது இடத்துல உட்கார்ந்த பிறகுதான் இறுக்கணும். அண்ணனுக்கு எப்பவும் அவசரம்.”

இடது கையால் வளைகுழாயைத் தாங்கிப் பிடித்து, வலது கையால் முடுக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. அப்போதுதான் சாக்ஸ் ஞாபகம் வந்து நான் சொல்ல, அவர் துடைக்கத் துணியை எடுக்கவும் கேட் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. துணியோடு மாடிக்கு ஓடிவிட்டார்.

இவர் வந்து குனிந்து பார்த்தார். “உட்கார்ந்துடுச்சே.”

“ஆமா” என்றேன்.

“வெயில் தாழ்ந்ததும் இரும்பு சுருங்கியிருக்கும்.”

இரும்புகூட இவருக்குப் பயப்படும் என்ற நினைப்பு. நான் தலையாட்டினேன்.

கிக்கரை உதைத்தார். வண்டி பதவிசாக முனகியது. இவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. சூடு ஏற ஏற, வளைகுழாயின் மேல் பழுப்பாக ஏதோ தெளிந்து வந்தது. ஒரு கைத்தடம். ஆட்காட்டி விரல் மட்டும் பாதியில் நின்றது.

யாருடையது என்று இந்த வீட்டில் யாரும் கேட்கத் தேவையில்லை. சின்ன வயதில் இதே வண்டியின் செயினில் மாட்டிப் பாதி துண்டாகிப் போன கொழுந்தனின் விரல் அது. அன்று விளையாட்டாகச் சக்கரத்தைச் சுற்றிவிட்டவர் இவர்.

கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கண்தான் கலங்கியது. என் பக்கம் திரும்பினார்.

“அவனை வரச் சொல்லு.”

“நீங்களே கூப்பிடுங்க. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு.”

என்னை முறைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மாடியைப் பார்த்தார்.

“டேய், தடம் விழுந்திருக்கு. வந்து துடைச்சுட்டுப் போ.”

துடைத்தாலும் போகாது என்று சொன்னவர் இவர்தான். கொழுந்தன் துணியோடு இறங்கி வந்து, குழாயைப் பார்த்து, அண்ணனைப் பார்த்தார்.

“சூடா இருக்குண்ணே. ஆறணும்.”

“ஆறட்டும்” என்றார் இவர், வண்டியை அணைத்துவிட்டு. “அதுவரைக்கும் உட்காரு.”