பொத்தான் மேல் வைத்த விரல்

ஹோசியாவின் நெஞ்சைத் திறந்து தைத்த டாக்டர், இனி சில மாதங்களுக்கு எதையும் தூக்கக் கூடாது, காட்டுப் பக்கம் நடக்கக் கூடாது, முக்கியமாகக் கவலைப்படக் கூடாது என்றார். முதல் இரண்டுக்கும் ஹோசியா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மூன்றாவதற்கு, "அப்ப என் குட்டிங்களை யாரு பழக்குறது?" என்று கேட்டார். டாக்டர், அவர் பேரப்பிள்ளைகளைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று சமாதானம் சொன்னார்.

வீட்டில் இருந்த அந்த யாராவது, தங்கை வெர்லீன்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவள் ஒரு அதட்டுப் போட்டால் கடைசி சீட்டில் குதிக்கிற பையன்கூட உட்கார்ந்துவிடுவான். அண்ணனின் நாய்களுக்கு இத்தனை வருஷமாகச் சோறு வைத்திருக்கிறாளே தவிர, காட்டுக்குக் கூட்டிப்போனது கிடையாது. அண்ணன் உடம்பு தேறுவதற்காக மேக்கனில் மகள் வீட்டுக்குப் போக, பிஸ்கட், மெல்பா என்ற இரண்டு பீகிள் வேட்டைநாய்க் குட்டிகளும் அவள் தலையில் விழுந்தன.

குட்டிகள் முயல் துரத்தக் கற்றுவிட்டிருந்தன. மானைத் துரத்தாமல் இருக்கத்தான் கற்கவில்லை. ஜார்ஜியாவில் எங்கள் பக்கத்தில் பைன் தோப்புக்குள் கல்லை விட்டெறிந்தால் மான்மேல்தான் விழும். முயலை எழுப்பினால் அது ஒரு வட்டம் அடித்து, கிளம்பிய புதருக்கே திரும்பி வரும். நாயும் கத்திக்கொண்டே பின்னால் சுற்றி வரும். மனிதன் துப்பாக்கியோடு நின்ற இடத்தில் நின்றால் போதும். மான் அப்படியில்லை. நூல் பிடித்தாற்போல் நேரே போகும், அடுத்த ஊர் வரைக்கும். அதன் பின்னால் போன நாய் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மெல்பாவின் பாட்டி ஓபல் அப்படிப் போனவள்தான். ஒரே ஒரு மான், ஒரே ஒரு நாள். தார்ச்சாலையில் மரம் ஏற்றி வந்த லாரி. ஹோசியா அவளைத் தன் கோட்டில் சுற்றித் தூக்கி வந்தார், அந்தக் கோட்டை அப்புறம் போடவேயில்லை. ஓபலின் குரல் அப்படியே மெல்பாவுக்கு வந்திருந்தது. சர்ச்சில் கடைசி பெஞ்சிலிருந்து பாடுகிற கனத்த அம்மாக்களின் குரல் மாதிரி, அடிவயிற்றிலிருந்து எழுந்து கூரை வரைக்கும் போகும் குரல்.

மேக்கனுக்குக் கிளம்பும்போது ஹோசியா காரில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "வேட்டை சீசன் முடியறதுக்குள்ள ரெண்டும் மானை மறக்கணும் புள்ள. மறக்கலைன்னா டவுன்ல யாராவது சோபாவுல வச்சுக் கொஞ்சுறவங்களுக்குக் குடுத்துரு. இன்னொண்ணை அந்த ரோட்டுலேர்ந்து என்னால தூக்க முடியாது."

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிப்ரவரிக் கடைசி சனிக்கிழமை, சீசனின் கடைசி நாள், டிரக்கில் உட்கார்ந்தாவது மெல்பாவின் குரலைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். மயக்க மருந்து கொடுக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டாராம்.

வெர்லீன் சரி என்றாள். இந்த அண்ணனுக்கு அவளால் வேறு எதைச் சொல்ல முடியும்? அவள் புருஷன் ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போனபோது, அன்று சாயங்காலமே டிரக்கோடு வந்து நின்றவர் ஹோசியா. கட்டிலையும் தையல் மிஷினையும் ஏற்றினார், தன் வீட்டு முன்னறையை ஒழித்துக் கொடுத்தார், ஏன் போனான், எங்கே போனான் என்று இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்படிக் கேட்காமல் விட்டதற்கு எப்படி நன்றி சொல்வது என்று அவளுக்கு இத்தனை காலமும் தெரியவில்லை. இப்போது ஒரு வழி கிடைத்தது.

கற்றுக்கொடுக்க வந்தவர் லெமுவல். ஹோசியாவின் வேட்டைக் கூட்டாளி, சர்ச் நிர்வாகத்தில் ஒரு டீக்கன், வெர்லீனோடு கிறிஸ்துமஸ் சாப்பாடு முதல் கார் நிறுத்தும் இடம் வரைக்கும் சண்டை போட்டவர். மான் வெட்டும் கடையிலிருந்து ஒரு பின்னங்காலை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். முறை என்னவோ சுலபம்தான். மான்காலைத் தரையில் இழுத்துத் தடம் போட வேண்டும். குட்டியின் கழுத்தில் மின்சாரக் காலர், நம் கையில் அதன் ரிமோட். குட்டி அந்த வாசனையைப் பிடித்துக் கிளம்பினால் பொத்தானை அழுத்த வேண்டும். சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். ஆனால் அழுத்துகிறவள் மூச்சுக்கூட விடக் கூடாது. குத்தியது மான் வாசனைதான், வீட்டுக்காரி இல்லை என்று நாய் நம்ப வேண்டும். அதட்டினால் கெட்டது காரியம்.

"அம்மா தாயே, இது பஸ் இல்ல. வாயைத் திறக்காம இருக்க முடியுமா உன்னால?" என்று லெமுவல் கேட்டார்.

வெர்லீன் பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். அதுதான் முதல் பாடம்.

ஜனவரி முழுக்க பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து காட்டுக்குப் போனாள். பிஸ்கட் அடம்பிடித்தவன். குத்து வாங்கி, உதறிவிட்டு, மறுபடி அந்தத் தடத்துக்கே போய் மறுபடி வாங்கினான். கடைசியில் மான்காலைக் கண்டாலே அவளுடைய கால்களுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டான். மெல்பா ஒரே தடவையில் கற்றாள். அதற்கப்புறம் நிஜ மான் எழுந்து ஓடியபோது, யாரோ வேண்டாத உறவுக்காரர் போகிறார் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெர்லீனுக்கு அன்று ராத்திரி காப்பிகூட அதிகமாக இனித்தது.

லெமுவல் இரண்டாவதாகச் சொன்ன விதி இது: கண்ணால் பார்க்காமல் அழுத்தாதே. மானை மட்டும் பார்த்தால் போதாது, அதன் பின்னால் நாய் வருவதையும் பார்.

பிப்ரவரி தொடக்கத்தில், லெமுவல் வராத ஒரு நாள், மெல்பா ஓடைக்கரை முட்புதரில் குரல் எடுத்தாள். குரல் நேரே போனது. திரும்பவில்லை. ஓடையைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, தார்ச்சாலைப் பக்கம் போய்க்கொண்டேயிருந்தது. எந்த முயல் இப்படிப் போகும்? வெர்லீனின் கண்ணுக்குள் ஓபலும் கோட்டும் வந்து நின்றன. அழுத்தினாள். தூரத்தில் ஒரு வீல் என்ற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை.

மேட்டில் ஏறிப் போனபோது மெல்பா நனைந்த செம்மண்ணில் படுத்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூக்குக்கு முன்னால் தடம் தெளிவாக இருந்தது. முயல் தடம். பிப்ரவரியில் ஆண் முயல்கள் ஜோடி தேடி வெகுதூரம் வந்துவிடும். நாய் துரத்தினால் நேராகத் தன் சொந்த இடத்துக்கு ஓடும், அப்புறம்தான் வட்டம் போடும். எங்கள் பக்கத்தில் முயல் தின்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வெர்லீனுக்கும் தெரியும், பொத்தானை அழுத்திய அந்த நொடியைத் தவிர.

வாயைத் திறக்காமல் அழுத்தியதால் பாடம் நன்றாகவே ஏறியது. குத்தியது முயல் வாசனை என்று மெல்பா நம்பிவிட்டாள். அதற்கப்புறம் காட்டில் இறக்கிவிட்டால் மூக்கைத் தரையில் வைக்கவில்லை. டிரக்கின் டயர் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். குரலும் போனது.

அழுத்திய அன்றைக்கே வெர்லீன் அண்ணனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"அவ மறந்துருவா," என்றார் ஹோசியா. "நீ மறக்கமாட்ட. அதான் எனக்குப் பயமா இருக்கு."

லெமுவலிடம் சொல்லத்தான் அவளுக்கு அதிகமாகக் கூசியது. வருஷம் முழுக்கக் குத்திக்காட்ட அவருக்கு ஒன்று கிடைத்தது என்று நினைத்தாள். அவரோ, மறுநாள் தன் கிழட்டு நாய் குவீனை டிரக்கில் ஏற்றி வந்தார். பல்லெல்லாம் போன, ஓடத் தெம்பில்லாத, ஆனால் முயல் இருக்கும் புதரைத் தப்பாமல் காட்டுகிற நாய். மெல்பாவின் காலரைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். குவீன் மெதுவாக முகர்ந்து மெதுவாகப் போக, மெல்பா டயர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் வந்தார், மழையிலும் வந்தார். ஒரு நாள் மெல்பா எழுந்து குவீனின் வாலுக்குப் பின்னால் நடந்தாள். இன்னொரு நாள் மூக்கு தரையைத் தொட்டது. குரல் மட்டும் வரவில்லை. வெர்லீன் அவருக்கு ரொட்டி சுட்டு, கிரேவி ஊற்றிக் கொடுத்தாள். உப்பு குறைவு என்றார். இந்த மனிதரை இத்தனை நாள் தப்பாக எடை போட்டுவிட்டோமே என்று, உப்பு டப்பாவை டொக்கென்று வைத்தபடியே நினைத்துக்கொண்டாள்.

கடைசி சனிக்கிழமை வந்தது. மகள் ஹோசியாவைக் கொண்டுவந்து இறக்கினாள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். டிரக்கின் முன்சீட்டில் போர்வையைச் சுற்றி உட்கார வைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டார்கள். மெல்பா அவர் கையை நக்கினாள். இன்றைக்குக் காலர் வேண்டாம் என்றாள் வெர்லீன். சாலை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது காலர் இல்லாமல் விடக் கூடாது என்றார் லெமுவல். மெல்பாவின் கழுத்தில் காலர் ஏறியது, ரிமோட் வெர்லீனின் கோட்டுப் பைக்குள் போனது.

பிஸ்கட் புதருக்குள் பாய்ந்தான். மெல்பா பின்னாலேயே போனாள். கொஞ்ச நேரம் இலைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அந்தக் குரல் எழுந்தது.

ஹோசியா கண்ணை மூடிக்கொண்டார். "ஓபல்," என்றார். பிஸ்கட்டின் கீச்சுக் குரல் அடியில் ஒட்டிக்கொண்டு போக, மெல்பாவின் குரல் தோப்பு முழுவதையும் நிறைத்தது.

குரல் நேரே போனது. ஓடையைத் தாண்டியது. மேட்டைத் தாண்டியது. திரும்பவில்லை.

டிரக்குக்கு எதிரே தூரத்தில், மேட்டு ஓரப் பைன் வரிசைக்குள்ளிருந்து இரண்டு பெட்டை மான்கள் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே குதித்தன. சாலையைப் பார்த்து ஓடின. குரல் அவற்றுக்குப் பின்னால் அதே பக்கம் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் லாரி ஒன்று கியர் மாற்றும் சத்தம்.

"மான்தான் வெர்லீன், அழுத்து," என்றார் லெமுவல். விதி போட்டவரே அவர்தான்.

அவள் ரிமோட்டைக் கையில் எடுத்திருந்தாள், கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. மான்களைக் கண்ணால் பார்த்தாள். பின்னால் நாயைப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்க்காமல் அழுத்தியவளுக்கு மறுபடி அழுத்தவும் பயம், அழுத்தாமல் இருக்கவும் பயம். அழுத்தி, அது முயலாக இருந்தால் இந்தக் குரல் இனி உலகத்தில் கிடையாது. அழுத்தாமல், அது மானாக இருந்தால் அண்ணன் டிரக்கில் உட்கார்ந்தே அந்த லாரியைக் கேட்பார். அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஹோசியா கண்ணைத் திறக்கவில்லை. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. முன்னறையை ஒழித்துக் கொடுத்த அன்றைக்கு எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார். முடிவை முழுதாக அவளிடமே விட்டுவிட்டு, சும்மா பக்கத்தில் இருந்தார்.

வெர்லீன் ரிமோட்டை டிரக்கின் டாஷ்போர்டில், அவருக்கு முன்னால் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "அவ சொல்றதைக் கேப்போம்," என்றாள்.

மான்கள் சாலையைத் தாண்டி மறைந்தன. லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. குரல் மான்கள் வெளியே வந்த இடம் வரைக்கும் போய், நின்றது. அந்த இடத்தில் மான் வாசனை சூடாக, புத்தம்புதிதாகக் கிடந்திருக்கும். வெர்லீனுக்கு அவ்வளவு நேரம் காத்திருந்ததாக வேறெந்த நாளும் ஞாபகம் இல்லை.

அப்புறம் குரல் மறுபடி எழுந்தது. சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடது பக்கமாகச் சாய்ந்து, மேட்டின் ஓரமாக வளைந்து, ஓடையை நோக்கித் திரும்பியது.

"வட்டம் போடுறா," என்றார் ஹோசியா. கண்ணீர் போர்வையில் விழுந்துகொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை. "ஏ புள்ள, என்னை உயிரோட வச்சதுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிட்டேன். இதுக்கு உனக்குத்தான் சொல்லணும்."

சொல்லாதீங்க அண்ணே, அழுதுடுவேன் என்று அவள் ஏற்கெனவே அழுதுகொண்டே சொன்னாள்.

முட்புதர் விலகி முயல் வந்தது. பெரிய ஆண் முயல், நாக்குத் தள்ள, லெமுவலின் துப்பாக்கிக்கு நேர் எதிரே. லெமுவல் துப்பாக்கியைத் தூக்கவேயில்லை. தொப்பியைக் கழற்றினார். இவனைத் தின்றால் எனக்குச் செரிக்காது என்று முணுமுணுத்தார். வெர்லீன் சொல்லித்தான் எனக்கே தெரியும், வேட்டைக்கூட்டத்தில் அவர் மானம் போகாமலிருக்க, இதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பின்னாலேயே மெல்பா வந்தாள். காது பறக்க, உடம்பெல்லாம் செம்மண், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கூவல். டிரக்கை உரசிக்கொண்டு போனாள். வெர்லீனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவளுக்கு வேலை இருந்தது.

"நன்றிம்மா," என்று வெர்லீன் அந்த முதுகைப் பார்த்துச் சொன்னாள், பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரலில். இவ்வளவு நாள் பேசாமல் இருந்ததற்கு, அந்த ஒன்றைச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.