அசையாத ஹீட்டர்

சட்டத்தில் வரும் சொல்லுக்கு என்ன பொருள் என்று எழுதுவதுதான் என் உத்தியோகம். கட்டடங்களின் ஆற்றல் சேமிப்பு விதிகளில் ‘மேம்பாடு’ என்பதற்குப் பொருள் எழுத மூன்று மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில், ‘கருவி இல்லாமல் கழற்ற முடியாதபடி கட்டடத்தோடு பொருத்தப்பட்டது’ என்று முடித்தேன். அச்சில் வந்த அன்று எனக்கு நானே இரண்டு தடவை வாசித்துக்கொண்டேன். வேறு யாரும் கேட்கவில்லை.

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீடுகளில் ஒரு மேம்பாடாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்பது விதி. என் அக்கா அப்படிப்பட்ட வீட்டில்தான் இருக்கிறாள் என்பது எழுதும்போது என் புத்திக்கு எட்டவில்லை. அவள் தையல்காரி. துணி கொடுப்பவர்கள் எல்லாம் அதே தெருக்காரர்கள். வீடு போனால் பிழைப்பும் போய்விடும்.

அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. வெட்டிப்போட்ட துண்டுத் துணிகளைத் திணித்து மெத்தை மாதிரி தைத்து, மூன்று சன்னலிலும் கொக்கியில் மாட்டிவிட்டாள். கொளுத்துகிற வெயிலிலும் அவள் ஃபேன் போடுவதில்லை.

சோதனைக்கு வந்தவர் எங்கள் அலுவலகத்துக்காரர். எதையும் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அக்கா கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். முதல் மெத்தையை இழுத்தார். கையோடு வந்தது.

“கருவி தேவைப்படல சார்,” என்றார் என்னிடம்.

மற்ற இரண்டும் அப்படியே வந்தன. அறையின் சூடு வெளியைவிட ஏழு டிகிரி குறைவு என்று தெர்மாமீட்டர் காட்டியது. அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. படிவமும் என் கைவண்ணம்தான். இப்போதே ஆணி அடித்துவிடலாமே என்று கேட்டேன். சோதனை தொடங்கியபின் பொருத்துவது செல்லாது என்ற பதினோராம் விதியைக் காட்டினார். அதை எழுதிய புண்ணியவானும் நான்தான்.

பிறகு மொட்டை மாடிக்குப் போனார். யாரோ எந்தக் காலத்திலோ விட்டுப்போன சோலார் ஹீட்டர் ஒன்று அங்கே கிடந்தது. கண்ணாடி உடைந்து, குழாய் அறுந்து, உள்ளே புறா முட்டையிட்டிருந்தது. அதன் நான்கு கால்களும் மட்டும் சிமெண்டில் புதைந்திருந்தன. இரண்டு கையாலும் ஆட்டினார். புறா பறந்தது, ஹீட்டர் அசையவில்லை.

மேம்பாடுகளின் பட்டியலில் நான் எழுதிய ஒரு வரி அது: ‘சூரிய வெப்பத்தைப் பெறுவதற்காகச் செய்யப்பட்டு, நிலையாகப் பொருத்தப்பட்ட சாதனம்.’ வரைவில் ‘இயங்கும்’ என்ற சொல்லும் இருந்தது. அதற்குத் தனியாகப் பொருள் எழுத வேண்டியிருக்கும், கூட்டம் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிவிடும் என்று நான்தான் அடித்தேன்.

அவர் அங்கேயே நின்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வீடு தப்பியது. கீழே வந்து அக்காவிடம் சான்றிதழை நீட்டினேன். நிதானமாக வாசித்து, தையல் மெஷின் மேல் வைத்தாள். மெத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி மாட்டினாள்.

“மூணு மாசம் உக்காந்து எழுதினியேடா,” என்றாள். “ஒரு நாளாவது இங்க வந்து உக்காந்து பாத்தியா?”

அறை குளுகுளுவென்று இருந்தது. எனக்கு மட்டும் வியர்த்தது.