ரிஸ்பா வீட்டோடு கிளம்பினாள்

புதன்கிழமை ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை உச்சிவேளைக்குள் ரிஸ்பா தன்னுடையதை எடுத்துக்கொண்டு புருஷன் வீட்டு வளவைவிட்டுப் போய்விட வேண்டும். அவள் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். புருஷன் ஒடியேரோ செத்து ஒரு வருஷம் கழிந்ததும், வழக்கப்படி அவனுடைய அண்ணன் வசோங்கா அவளைச் சேர்த்துக்கொள்ள வந்தான். ஏற்கெனவே இரண்டு பெண்டாட்டிக்காரன். ரிஸ்பா அவன் மூக்குக்கு நேராகக் கதவைச் சாத்தினாள்.

தீர்ப்பைக் கேட்டு அவள் அக்கா சிப்ரோசாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏரிக்கரையில் பன்னிரண்டு வருஷமாக மீனைப் புகைபோட்டு விற்கிறவள். அவள் வாய்க்குப் பயந்து படகுக்காரர்களே ஒதுங்கிப் போவார்கள்.

"அந்த வீட்டுக் கூரையிலயும் சுவருலயும் இருக்கிற தகரம் ஒவ்வொண்ணும் என் தங்கச்சி ஒமெனா கருவாடு வித்து வாங்கினது. உங்க யாருக்காவது தெரியாதா? வாயைத் திறங்களேன்!"

தெரியாமல் என்ன? எல்லாருக்கும் தெரியும். மூத்தவர் ஒகுட்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தகரம் அவளுதுதாம்மா. யாரு இல்லேன்னா? ஆனா செத்தவன் வீட்டை அவன் பொஞ்சாதி பிரிக்கக் கூடாது. ஒரு ஆணியைக் கழட்டினாலும் சிரா பிடிக்கும். பிள்ளைகுட்டியெல்லாம் இளைச்சு இளைச்சுப் போயிரும்."

அந்தச் சாபத்தின் பேரைக் கேட்டதும் கூட்டம் பின்வாங்கியது. வசோங்கா மட்டும் பல்லைக் காட்டினான். தகரம் அவளுடையது, ஆனால் அவள் தொடக் கூடாது. இதைவிட வசதியான சாபம் எவனுக்குக் கிடைக்கும்? அவன் மகனுக்கு அடுத்த மாதம் கல்யாணம் வேறு, வீடு தேவைப்பட்டது.

ரிஸ்பாவுக்கு அப்பா வீட்டுக்கும் போக வழியில்லை. கட்டிக்கொடுத்த பெண் திரும்பி வந்து அங்கே வீடு போட வழக்கம் இடம் கொடுக்காது.

"விட்டுத் தொலைடி. என்கூட வந்துரு. என் ரூம்ல அந்த மூலையில படுத்துக்க," என்றாள் சிப்ரோசா, வழியில்.

"மூலையில படுக்க நான் என்ன பூனையாக்கா? எனக்கு வயசு நாப்பத்திரண்டு. என் கதவை நான் சாத்தணும், நான் திறக்கணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

இரண்டு நாள் சிப்ரோசா அதையே அசைபோட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், அடிப்பலகை உடைந்த ஒரு பெரிய படகை முப்பது பேர் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறினார்கள். அதைப் பார்த்தபடி மீனைத் திருப்பிக்கொண்டிருந்தவள், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். மீன் கருகியது. கருகட்டும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மீன்காரப் பெண்கள் சங்கமே ரிஸ்பா வீட்டில் வந்து இறங்கியது. நாற்பது பெண்கள், அவர்கள் அதட்டிக் கூட்டிவந்த பத்துப் படகுக்காரர்கள், நீளக் கழிகள், கயிறு, மண்வெட்டி. ரிஸ்பாவின் சட்டிபானையையும் மெத்தையையும் வசோங்கா முன்தினமே வெளியே எறிந்திருந்தான். இப்போது வாசலில் முக்காலி போட்டு, நிலைக்கட்டையில் முதுகைச் சாய்த்து, வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒருத்தி உள்ள கால் வைக்க முடியாது. சாமான் வெளியில கிடக்கு. பொறுக்கிட்டுக் கிளம்புங்க."

"நீங்க உக்காருங்கண்ணே. உங்களை யாரு எழுந்திரிக்கச் சொன்னா?" என்று சிப்ரோசா குழைந்தாள். அவள் குழைந்தால் ஏதோ வில்லங்கம் என்று ஏரிக்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாவம், வசோங்கா கரைப்பக்கம் வருகிறவனில்லை.

பெண்கள் வீட்டைச் சுற்றித் தூண்களின் அடியைத் தோண்டினார்கள். பின்கதவு வழியாக நாலு பேர் உள்ளே போய்த் தூண்களோடு கழிகளைச் சேர்த்துக் கட்டினார்கள்.

"என்னத்தத் தோண்டுறீங்க? என் தம்பி புதையலா வச்சிருந்தான்?"

"வச்சிருந்தா நீங்க இத்தனை நாள் விட்டிருப்பீங்களா?" என்றாள் ஒருத்தி.

சத்தம் கேட்டு ஒகுட்டு தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். "ஏய் சிப்ரோசா! பிரிக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"ஒரு ஆணியைத் தொட்டோமா பெரியவரே? நீங்களே சுத்திப் பாருங்க."

அவர் நிதானமாக ஒரு சுற்று வந்தார். கழிகளைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவருடைய உதடு கோணியது.

"ஆணியெல்லாம் இருந்த இடத்துலதான் இருக்கு," என்றார். "எடுத்துக்கிட்டுப் போன்னுதானே நாங்களும் சொன்னோம்."

ரிஸ்பா வீட்டை ஒட்டியிருந்த கல்லறைக்குப் போனாள். எல்லார் காதிலும் விழும்படி பேசினாள்.

"ஒடியேரோ, நான் போயிட்டு வரேன். வீட்டையும் கூட்டிட்டுப் போறேன். நீ தனியா இருக்கேன்னு நினைக்காதே. உன் அண்ணன் இங்கேயே காவலுக்கு உக்காந்திருக்காரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, மூலைக் கழிக்குத் தோள் கொடுத்தாள்.

"தூக்குங்கடி!" என்று சிப்ரோசா கத்தினாள்.

தகரம் முனகியது. தூண்கள் மண்ணைவிட்டு எழும்பின. வீடு ஒருமுறை ஆடி, நிமிர்ந்து, பின்பக்கமாக நடக்கத் தொடங்கியது. சாய்ந்திருந்த நிலைக்கட்டை முதுகைவிட்டு நழுவவும் வசோங்கா மல்லாக்க விழப் பார்த்து முக்காலியைப் பிடித்துக்கொண்டான். திரும்பிப் பார்த்தால், பின்னால் வெறும் மண்தரை.

"டேய்! வீடு! வீடு போகுது!"

"அண்ணே, வாசலை விட்றாதீங்க!" என்றான் ஒரு படகுக்காரன்.

சாலையில் கிசுமு டவுனுக்குப் போகிற பஸ் ஓரங்கட்டி நின்றது. ஓட்டுநர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஆறேழு பேர் இறங்கி வந்து, யார் வீடு என்றுகூடக் கேட்காமல், தோள் கொடுத்தார்கள். பெண்கள் பாடினார்கள். பாட்டில் வசோங்காவின் முக்காலியும் வந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள், அதை இங்கே எழுத முடியாது.

மீன்புகை அடுப்புகளுக்குப் பின்னால் சங்கத்துக்குச் சொந்தமான இடம் சும்மா கிடந்தது. அங்கே நேற்றே குழி தோண்டி வைத்திருந்தார்கள். வீடு குழியில் இறங்கி உட்கார்ந்தபோது நேரம் உச்சிவேளைகூட ஆகவில்லை.

சிப்ரோசாவுக்குத் தோள் உரிந்திருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. "மெத்தையை ஜன்னல் பக்கம் போடு. அடுப்பு இங்க வேண்டாம், புகை அடிக்கும். அந்தப் பெட்டியை..."

ரிஸ்பா அவள் கையைப் பிடித்து மெல்ல வெளியே தள்ளினாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

வெளியே நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிப்ரோசா கதவைத் தட்டினாள்.

"யாரது?"

"யாரதுவா? நான்தாண்டி! உன் அக்கா!"

"என்ன வேணும்?"

சிப்ரோசா எரிகிற தோளைத் தேய்த்துக்கொண்டாள். வாழ்நாளில் எந்த வாசலிலும் அவள் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"உள்ள வரலாமா?"

ரிஸ்பா கதவைத் திறந்தாள்.